புதுச்சேரி – விழுப்புரம் ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லியனூரில் வீடு, விழுப்புரத்தில் வேலை என்று பல வருடம் இந்த வண்டியில் போய் வந்தவன் நான். சொந்தக்காரர்கள், புதிதாக வேலைக்கு வருபவர்கள், கடலூர் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் போனில் பேசும் நேரம் மிச்சம்.

புதுச்சேரியில் லோக்கல் ரயில் ஓடுகிறதா?

சென்னைக்காரர்கள் சொல்லும் அர்த்தத்தில் இல்லை. ரயில்வே கணக்கில் ‘புறநகர்’ என்பது தனி வகை. அதற்குக் கட்டணப் பட்டியலே வேறு. தமிழ்நாட்டில் அந்தத் தகுதி சென்னையைச் சுற்றிய தடங்களுக்குத்தான் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம், அரக்கோணம் பக்கம், கும்மிடிப்பூண்டிப் பக்கம், வேளச்சேரிப் பக்கம், அவ்வளவுதான்.

நம்முடையது விழுப்புரம் சந்திப்பிலிருந்து பிரிந்து புதுச்சேரியில் முடிகிற 38 கி.மீ. கிளைப்பாதை. ஒற்றைத் தடம். அதில் பாசஞ்சரும் மெமுவும் (தனி எஞ்சின் இல்லாத மின்சார வண்டி) ஓடுகின்றன, நடுநடுவே தொலைதூர எக்ஸ்பிரஸ்களும் வந்து போகின்றன. ஆனால் காலை வண்டியில் ஏறிப் பாருங்கள். டிபன் பாக்ஸ், காலேஜ் பை, கழுத்தில் அடையாள அட்டை, கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து பூக்கட்டும் அம்மா. ஆட்கள் புறநகர் ஆட்கள்தான். வண்டிதான் இன்னும் ஆகவில்லை.

இந்தப் பாதையை யார், எதற்காகப் போட்டார்கள்?

1879 டிசம்பரில் திறந்தார்கள். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. சுற்றிலும் இங்கிலீஷ்காரர்கள் கையில் இருந்த தென்னார்க்காடு. மதராஸிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) பாதையை தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1870களில் செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் வழியாகப் போட்டுவிட்டது. புதுச்சேரி அந்த வழியில் விழவில்லை. பக்கத்தில் இருக்கும் கடலூருக்கு ரயில் வந்துவிட்டது, நமக்கு இல்லை என்றால் பிரெஞ்சு வியாபாரிகள் சும்மா இருப்பார்களா?

அவர்களுக்கு ரயில் தேவைப்பட்டது ஆட்களை ஏற்ற அல்ல, மல்லாட்டை மூட்டையை ஏற்ற. (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை.) விளைவது விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டிப் பக்கத்து இங்கிலீஷ்காரச் சீமையில். வாங்குவது மார்செய்ல் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகள். நடுவில் புதுச்சேரிக் கப்பல்துறை. மாட்டுவண்டியில் வந்த சரக்கு ரயிலில் வந்தால் கப்பல் காத்திருக்கத் தேவையில்லை. அப்படித்தான் இந்தப் பாதை பிறந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த துண்டு ‘பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி’ என்ற தனிக் கம்பெனியுடையது. ஆனால் வண்டி ஓட்டியது முழுக்க தென்னிந்திய ரயில்வேதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பாதையின் இன்றைய குணம் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. விளைகிற ஊரிலிருந்து கடற்கரைக்கு ஒரே கோடு. பக்கத்து ஊர்களைப் பின்னிக் கட்டுகிற எண்ணம் அதில் கிடையாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தண்டவாளம் இல்லாமல் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டும் போட்டித் துறைமுகங்கள், இரண்டு வேறு சர்க்கார். ஒன்றை இன்னொன்றோடு இணைக்க யாருக்கு அக்கறை?

தண்டவாளம் கடல்வரை போனதாமே?

போனது. புதுச்சேரியில் கப்பல் கரையோரம் வந்து நிற்க ஆழம் போதாது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் சரக்கை எடுத்துப்போக ஒரு இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து அதற்குச் சரக்குத் தடம் போட்டிருந்தார்கள். அந்தப் பழைய பாலம் 1952 புயலில் போய்விட்டது. பிறகு கட்டியதுதான் புதுப் பாலம். பழைய பாலத்தின் மிச்சக் கால்களைக் காந்தி சிலை அருகே கடலில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது ரயில் சுப்பையா சாலை ஓரம், இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் பக்கத்து ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் கடல்.

பிரெஞ்சு காலத்தில் எல்லை தாண்ட சோதனை இருந்ததா?

சுங்கச் சோதனை இருந்தது. வண்டி எல்லையைத் தாண்டும் இடத்தில் மூட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்ட வேண்டும். புதுச்சேரியில் மலிவாகக் கிடைத்த வெளிநாட்டுச் சரக்கை உள்ளே கொண்டுபோவது ஒரு தொழிலாகவே நடந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். போலீசுக்கு அந்த எல்லை வேறு வகையில் முக்கியம். பத்து வருடம் புதுச்சேரியில் இருந்த பாரதியார் 1918 நவம்பரில் கிளம்பியபோது, எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைதாகி, கடலூர்ச் சிறையில் இருந்தார். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் இந்தக் கெடுபிடி போயிற்று.

ஆனால் எல்லைக் கோடு போகவில்லை. விழுப்புரம் சாலையில் பேருந்தில் வந்தால் வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. சாராயக் கடை வந்தால் புதுச்சேரி, முடிந்தால் தமிழ்நாடு என்று கண்டக்டர் ஒருவர் வெளியூர்க்காரருக்கு விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். ரயிலில் அந்த அடையாளமும் கிடையாது.

வழியில் என்னென்ன ஸ்டேஷன்?

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் மூன்றுதான்: வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர்.

வில்லியனூரில் ஏறுபவர்கள் அதிகம். திருக்காமீசுவரர் கோயில், மாதா கோயில் என்று வெளியூரிலிருந்து இறங்குபவர்களும் உண்டு. சின்னபாபுசமுத்திரத்தில் மகான் படே சாகிபு அடங்கிய இடம் இருக்கிறது. எல்லா மதத்துக்காரர்களும் போவார்கள். மற்றபடி சுற்றிலும் கரும்பும் நெல்லும்தான். வண்டி நின்றதும் எஞ்சின் சத்தம் அடங்கி, எங்கோ மோட்டார் கொட்டகையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். எக்ஸ்பிரஸ்காரர்களுக்கு அந்த ஒரு நிமிடம் எரிச்சல். எனக்கு அந்த வழியிலேயே பிடித்த இடம் அதுதான்.

வில்லியனூரை விட்டால் மேற்கே சங்கராபரணி ஆறு. பாலத்தில் வண்டியின் சத்தம் மாறும். தூங்குகிற ஆள் அந்தச் சத்தத்துக்கு எழுந்து பையைத் தேடுவார். வருடக்கணக்கில் வந்து போகிறவர்களுக்கு அதுதான் அலாரம்.

மீட்டர் கேஜ் எப்போது போனது?

புதுச்சேரிக் கிளையில் 2004-ல் அகலப் பாதை வந்தது. ஒரு மீட்டர் அகலத்திலிருந்து 1.676 மீட்டருக்கு. கடலூர் வழியாகப் போகும் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை 122 கி.மீ. அதை 2006 கடைசியில் மூடி 2010-ல்தான் திறந்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், சிதம்பரத்துக்காரர்களுக்கு ரயிலே இல்லை. காலையில் ஏறி விழுப்புரம் போய் வேலை பார்த்த பல பேர் அந்த மூன்று வருடத்தில் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் மாறினார்கள். பாதை திறந்த பிறகும் எல்லோரும் திரும்பி வரவில்லை. ஒருமுறை வண்டி வாங்கிக் கடன் கட்ட ஆரம்பித்தவன் எப்படி வருவான்?

அகலப் பாதையால் என்ன லாபம் என்று கேட்பார்கள். முன்பு விழுப்புரத்தைத் தாண்டி வேறு அகலப் பாதைக்குப் போகவேண்டும் என்றால் இறங்கி மாற வேண்டும். இப்போது புதுச்சேரியிலிருந்தே டெல்லி, ஹௌரா, புவனேஸ்வர், தாதர், மங்களூரு, கன்னியாகுமரி என்று நேர் வண்டிகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை டெல்லிக்குப் போகலாம், ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கு வளவனூர் போக வழியில்லை என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். கொஞ்சம் மிகைதான். ஆனால் கேட்டதும் சிரிக்காதவர் இல்லை.

மின்சார ரயில் எப்போது வந்தது? விழுப்புரத்தில் அது ரொம்பப் பழசு என்கிறார்களே?

இதில்தான் சுவாரசியமான கதை இருக்கிறது. சென்னையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் தடத்தில் 1931-லேயே மின்சார வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. 1,500 வோல்ட் நேர் மின்சாரம். 1960களில் அதை 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாற்றி, கம்பியைத் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை நீட்டினார்கள். ஜப்பான் உதவியோடு வந்த ‘யாம்-1’ எஞ்சின்கள் அந்தத் தடத்தில் ஓடின. இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார வண்டி ஓடியது இந்த ஒரே தடத்தில்தான். வேறெங்கும் இல்லை.

அந்தக் கம்பி விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. எழும்பூரிலிருந்து வரும் ராத்திரி வண்டி விழுப்புரத்தில் நின்றால் மின்சார எஞ்சினைக் கழற்றி, கரி எஞ்சினோ டீசலோ மாட்டுவார்கள். ஒரு குலுக்கல், ஒரு இடி, பெர்த்தில் தூங்கும் குழந்தை அழும். அந்த இடைவேளையில் வாங்கிக் குடித்த டீயை இன்னும் மறக்காத பெரியவர்கள் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் நிறைய இருப்பார்கள். விழுப்புரம் பெரிய சந்திப்பாக வளர்ந்ததற்கு அந்த எஞ்சின் மாற்றமும் ஒரு காரணம். அந்தத் தலைமுறைக்கு ரயில்வே என்றாலே ஊரில் ஒரு உத்தியோகம்.

ஆக, 40 கி.மீ.க்குள் மின்சாரக் கம்பி இருந்தும் புதுச்சேரிக் கிளைக்கு அது வர 2010களாயிற்று. கடலூர் வழிப் பாதைக்கு இன்னும் தாமதம், அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் வந்தது. சென்னை கடற்கரை–தாம்பரத்தின் கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004 ஜூலை 1-ல் ஓடி முடிந்தது. நம்முடைய கிளையில் மீட்டர் கேஜும் மின்சாரமும் சந்தித்ததே இல்லை.

மெமுவும் சென்னை லோக்கலும் ஒன்றா?

பங்காளிகள், ஆனால் ஒன்றில்லை. இரண்டிலும் தனி எஞ்சின் கிடையாது. பெட்டிகளிலேயே மோட்டார் இருக்கும், இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கும். புதுச்சேரி மாதிரி முட்டுச்சந்து ஸ்டேஷனுக்கு இது ரொம்ப வசதி. எஞ்சின் வண்டி என்றால் கழற்றி, சுற்றி, மறுமுனையில் மாட்ட வேண்டும். மெமுவில் ஓட்டுநர் இந்த முனையில் இறங்கி அந்த முனைக்கு நடந்து போய் ஏறினால் போதும். சட்டென்று வேகம் பிடிக்கும், சட்டென்று நிற்கும். அடிக்கடி நிற்கிற தடத்துக்கு அதுதான் சரி.

வித்தியாசம், மெமு நீண்ட தூரத்துக்குச் செய்தது. அதனால் கழிப்பறை உண்டு. சென்னை லோக்கலில் கிடையாது. எழும்பூர் வரை போகும் மெமுவில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூட வருகிற சின்னப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தெரியும்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ரயிலில் போகலாமா?

போகலாம். ஆனால் போகாதீர்கள்.

சாலையில் இருபத்திரண்டு கி.மீ. போல இருக்கும். முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம், தென்பெண்ணைப் பாலம் தாண்டினால் ஊர். ரயிலில் என்றால் முதலில் எதிர்த்திசையில் 38 கி.மீ. விழுப்புரம் போக வேண்டும். அங்கே இறங்கி, சேர்ந்தனூர், திருத்துறையூர், பண்ருட்டி, மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், வரக்கால்பட்டு வழியாக மறுபடி ஒரு நாற்பத்தைந்து கி.மீ. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை ரயில்வே டைம்டேபிளில் பார்க்கலாம். நேர் வண்டி விட்டாலும் விழுப்புரத்தில் திசை மாற்றித்தான் ஓட வேண்டும். புதுச்சேரிக் கிளையும் கடலூர்ப் பாதையும் விழுப்புரத்தின் ஒரே தெற்கு முனையிலிருந்து பிரிகின்றன.

அந்த ஒரே முனை விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து ஓடி வந்தேன். இரண்டு பிளாட்பாரத்திலும் ஒரே மாதிரி வண்டி, இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. போர்டைப் பார்க்காமல் ஏறி, ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் பாலத்தின் சத்தம் கேட்டது. அதற்குள் சங்கராபரணியா என்று கண்ணைத் திறந்தால், ஆறு அகலமாக இருக்கிறது. தென்பெண்ணை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா மடியில் பலாச்சுளைப் பொட்டலம் வைத்திருந்தார். “இது பண்ருட்டிப் பக்கம் போற வண்டிங்களா?” என்று கேட்டேன். “நீ எங்க தம்பி போவணும்?” என்றார். சொன்னேன். “அப்ப திருப்பாப்புலியூர் வரைக்கும் வந்து பஸ் புடி. நடுவுல எறங்குனா இன்னும் லேட்டாவும்” என்று சொல்லி ஒரு சுளையை நீட்டினார். சீசன் டிக்கெட் அந்தப் பாதைக்குச் செல்லாது என்ற பயம் ஒரு பக்கம். பண்ருட்டியில் நின்ற நேரத்தில் இறங்கி ஓடி டிக்கெட் எடுத்துவிட்டு அதே வண்டியில் மறுபடி ஏறினேன். கடலூரில் பேருந்து பிடித்து வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதம். அதில் கடலூர்–புதுச்சேரிப் பேருந்துப் பயணம்தான் எல்லாவற்றிலும் சின்னது.

கடலூரில் எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்?

வெளியூர்க்காரர்கள் தவறாமல் குழம்புகிற இடம் இது. கடலூரில் இரண்டு ஸ்டேஷன். ஊருக்குள், பேருந்து நிலையத்தை ஒட்டி இருப்பது திருப்பாதிரிப்புலியூர். பேச்சு வழக்கில் திருப்பாப்புலியூர். பாடலீசுவரர் கோயிலும் கடைத்தெருவும் அங்கேதான். இன்னொன்று முதுநகரில் இருக்கும் கடலூர் துறைமுகம் சந்திப்பு. ‘ஓ.டி.’ (ஓல்டு டவுன்) என்று சொன்னால் ஆட்டோக்காரருக்குப் புரியும். பெயரில் ‘சந்திப்பு’ இருப்பதால் அதுதான் பெரிய ஸ்டேஷன் என்று நினைத்து இறங்கிவிடுவார்கள். அப்புறம் ஊருக்கு வர ஆட்டோ தேட வேண்டும். குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் கிளை அங்கிருந்து பிரிகிறது. நெய்வேலி போகிறவர்களுக்குத்தான் அது சந்திப்பு. மைசூரு வண்டியும் இப்போது அங்கேதான் முடிகிறது.

கிழக்குக் கடற்கரை ரயில் பாதை என்ன ஆயிற்று?

சென்னை பெருங்குடியில் தொடங்கி மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு 179 கி.மீ. புதுப்பாதை. 2000களின் பிற்பாதியில் ரயில்வே பட்ஜெட்டில் இடம் பிடித்தது. அப்போது போட்ட மதிப்பு சுமார் 523 கோடி ரூபாய். அதற்குப் பிறகு அந்தக் காசுக்கு நிலம்கூட வாங்க முடியாத நிலை வந்துவிட்டது. ஈ.சி.ஆர். ஓரம் சென்ட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பல ஆண்டுகள் பட்ஜெட்டில் பெயருக்கு ஒரு சின்னத் தொகை போட்டு உயிரோடு வைத்திருந்தார்கள்.

அது வந்தால் மேலே சொன்ன மூக்கைத் தொடும் பயணம் முடிந்துவிடும். கடலூர்–புதுச்சேரி அரை மணி நேரம். தினமும் அந்த இருபத்திரண்டு கி.மீ.யில் போய் வருகிற ஆட்களைப் பார்த்தால், முழு 179 கி.மீ.க்குக் காத்திருக்காமல் இந்தத் துண்டை மட்டும் முதலில் போட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் சென்னைச் சுற்றுலாக்காரர்களுக்காக அந்த முனையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள் என்பது என் சந்தேகம்.

டிக்கெட் எவ்வளவு? சீசன் எடுக்கலாமா?

சாதாரணப் பாசஞ்சர் வண்டிகளில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களையெல்லாம் எக்ஸ்பிரஸ் கணக்கில் ஓட்டி அது 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10-க்கு இறங்கியது. தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்த இருபது ரூபாய், போக வர நாற்பது ரூபாய், சின்ன விஷயமில்லை.

சீசன் 150 கி.மீ. வரை கிடைக்கும். மூன்று மாதச் சீசனுக்கு மாதச் சீசனைப்போல் 2.7 மடங்கு. கட்டணம் இவ்வளவு குறைவாக இருக்கும் தடத்தில் சீசனால் மிச்சமாவது காசைவிட வரிசையில் நிற்கும் நேரம். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், அது இல்லாமல் சீசன் செல்லாது. முன்பதிவுப் பெட்டியில் ஏறி ‘சீசன்’ என்று சொல்லிப் பயனில்லை.

பேருந்தா, ரயிலா?

மனசாட்சிப்படி சொன்னால், நேரத்துக்கு ரயில் இருந்தால் ரயில், இல்லாவிட்டால் பேருந்து. இந்த ‘இருந்தால்’தான் பிரச்சினை. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயிலில் குலுக்கல் இல்லை, காசு பாதிக்கும் கீழே. ஆனால் பேருந்து நிலையத்தில் போய் நின்றால் ஏதாவது ஒன்று வந்துவிடும். ரயிலை விட்டால் அடுத்தது எப்போது என்று யோசிக்க வேண்டும்.

வேகத்தை யாரும் கேட்பதில்லை. வண்டி விட்டுப் போனாலும் அடுத்தது இருக்கிறது என்ற நிம்மதியைத்தான் கேட்கிறார்கள். சென்னைக்காரர் டைம்டேபிள் பார்த்து லோக்கல் ஏறுவதில்லை. நாங்கள் டைம்டேபிளைப் பார்த்துத்தான் குளிக்கவே போவோம்.

அப்படியானால் அதிக வண்டி விடவேண்டியதுதானே? ஏன் முடியவில்லை?

ஒற்றைத் தடம். ஒரு வண்டி போய்ச் சேராமல் எதிர் வண்டியை விட முடியாது. நடுவில் ஏதாவது ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிட வேண்டும். இதைத்தான் ‘கிராசிங்’ என்று சொல்லிக் கொட்டாவி விடுவோம். எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தால் அதற்கு வழிவிட்டுப் பாசஞ்சர் நிற்கும். டெல்லியில் பனி, அதனால் வளவனூரில் காத்திருப்பு.

இன்னொன்று புதுச்சேரி ஸ்டேஷனில் இடம். தொலைதூர வண்டிகள் மணிக்கணக்கில் நின்று கழுவிக் கிளம்புகின்றன. ‘அம்ரித் பாரத்’ திட்டத்தில் புதுச்சேரி, விழுப்புரம் இரண்டு ஸ்டேஷன்களையும் புதுப்பிக்க 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். முகப்பு அழகாகட்டும், சந்தோஷம். எனக்குக் கொடுத்தால் முகப்புக் காசில் பாதியை எடுத்து நடுவில் கிராசிங் வசதியையும், ஒரு மெமுவைப் பகல் முழுக்க இங்கும் அங்கும் ஓட்டுவதையும் பார்ப்பேன். 38 கி.மீ. ஒரு மணி நேரம் என்றால், ஒரே ஒரு மெமு காலையிலிருந்து ராத்திரி வரை ஐந்தாறு முறை போய் வரலாம். புதுப் பாதை வேண்டாம், நிலம் வேண்டாம்.

ஏ.எஃப்.டி. கேட்டில் ஏன் இவ்வளவு கூட்டம்?

கடலூர் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடம் அது. ஏ.எஃப்.டி. என்பது ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் துணி ஆலை. 1898-ல் ஆரம்பித்தது, 2020-ல் மூடிவிட்டார்கள். கேட்டுக்கு மட்டும் பேர் நிற்கிறது. ஒரு வண்டிக்கு கேட் விழுந்தால் இரண்டு பக்கமும் பைக்குகள் சாலையின் முழு அகலத்துக்கும் வந்து நிற்கும். கேட் தூக்கியதும் இரண்டு படையும் நேருக்கு நேர். ரயில் அதிகமாக ஓட வேண்டும் என்று நான் சொல்வதை முதலியார்பேட்டை நண்பர்கள் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இந்தக் கேட்தான். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. விழுப்புரம் சாலையில் அரும்பார்த்தபுரத்துக்கும் கண்டமங்கலத்துக்கும் மேம்பாலம் வந்தது போல இங்கும் வந்தால் சண்டை ஓயும்.

சாயங்கால வண்டியை விழுப்புரத்தில் விட்டுவிட்டால் என்ன செய்வது?

பதறாதீர்கள். முதலில் செயலியில் அடுத்த பாசஞ்சரைப் பாருங்கள். எழும்பூரிலிருந்து வரும் வண்டி பாக்கி இருக்கலாம். முக்கால் மணி நேரத்துக்குள் என்றால் பிளாட்பாரத்திலேயே டீ குடித்துக் காத்திருங்கள், பேருந்தில் போனாலும் அதே நேரத்துக்குத்தான் வீடு போவீர்கள். அதைவிடத் தாமதம் என்றால் வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம். பக்கத்தில் கிளம்பத் தயாராக நிற்கும் வண்டி எதுவானாலும், ஏறுவதற்கு முன் போர்டைப் படியுங்கள்.